ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகள்

இந்த வருடம் ஆலோசனை ஆசிரியர்களாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி எழுதி அனுப்பியிருந்தார். "டீச்சர், எங்கட பிள்ளைகள் எல்லாரும் ஒன்லைன்ல படிக்கிறவங்க. முகத்தையே காணாத பிள்ளைக்கு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடநெறி எண்டு எப்படிச் சொல்ற?"

நல்ல கேள்வி. இதைச் செய், இதைச் செய்யாதே என்று நாலு வரியில் சொல்லி முடிக்க எனக்குத் தெரியவில்லை. முகத்தைக் காணாமல் ஒரு பிள்ளைக்கு நான் வழி சொல்லப்போய் என்ன நடந்தது என்பதை எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமிக்கு முன் நான் சாய்ந்தமருதில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கடல் வந்து போன பிறகு பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை. என் வகுப்பு இடாப்பில் இருந்த பல பெயர்களுக்கு உரியவர்களும் இல்லை. மிஞ்சிய பிள்ளைகளோடு கதைக்க ஆட்கள் வேண்டும் என்று எங்களில் சிலருக்கு மூன்று மாதம் பயிற்சி தந்து ஆலோசனை ஆசிரியர்களாக்கினார்கள். இந்தத் தொழிலுக்கு நான் விரும்பி வரவில்லை. வந்த பிறகு விட்டுப்போக மனம் வரவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கல்முனையில் கணினி நிலையம் ஒன்றைத் திறந்து, உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு இணையவழிப் பாடசாலை ஒன்றை ஆரம்பித்தது. எங்கள் கரையோரத்தில் விஞ்ஞான ஆசிரியர்கள் குறைவு. எந்த வீதி எந்த நேரம் மூடப்படும் என்று சொல்ல முடியாத காலமும் அது. கொழும்பில் இருந்த ஆசிரியர்கள் பாடங்களை அனுப்புவார்கள். வீட்டில் கணினி உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தும், மற்றவர்கள் நிலையத்துக்கு வந்தும் படித்து, விடைகளைத் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். இன்று போல் முகம் பார்த்துக் கதைக்கிற வசதி கிடையாது. ஒரு படம் முழுதாக வர முதலே லைன் அறுந்துவிடும். அந்தப் பாடசாலைக்கு நான்தான் ஆலோசனை ஆசிரியை. பிள்ளைகளின் விடைகளை வாசித்து, மாதம் ஒரு அறிக்கை எழுதி, யார் எந்தத் துறைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்வது என் வேலை.

றிஸ்னா மருதமுனைப் பிள்ளை. அவளுடைய வாப்பா கத்தாரில் வேலை செய்தார். கணினி அவர் அனுப்பியது. உம்மா வீட்டு வளவில் கைத்தறிக் கொட்டில் ஒன்றை நடத்தினார். நாலு தறி, நூல் சுற்றவும் நெய்யவும் ஏழெட்டுப் பெண்கள்.

உயிரியலில், மென்சவ்வின் ஊடாக நீர் நகர்கிற பிரசாரணம் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. எல்லாப் பிள்ளைகளும் புத்தகத்தில் உள்ள உருளைக்கிழங்குத் துண்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். றிஸ்னாவின் பெயரில் வந்த விடை வேறு மாதிரி இருந்தது. சுனாமியில் கடல்தண்ணீர் ஏறிய வயலில், மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் ஏன் வாடிச் செத்தது என்று அதில் விளக்கியிருந்தது. வேரில் இருந்த நீரை உப்பு வெளியே இழுத்தது, தண்ணீருக்குள் நின்றபடியே பயிர் தாகத்தில் செத்தது என்று எழுதியிருந்தது. நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த மாத அறிக்கையில், மருத்துவபீடத்துக்குத் தகுதியான மாணவி என்று எழுதினேன்.

அதோடு நிற்கவில்லை. மருதமுனைக்குப் போய் அவளுடைய உம்மாவைக் கண்டு, "இன்ஷா அல்லாஹ், ஒங்கட மகள் டாக்குத்தர்தான்" என்றேன். அந்த மனிசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கத்தாருக்கு டெலிபோன் கோல் எடுத்தார். றிஸ்னா கதவோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த தவணையில் மாதிரிப் பரீட்சை வைத்தோம். அதை மட்டும் எல்லாரும் நிலையத்துக்கு வந்து, எங்கள் முன்னால் இருந்து பேனையால் எழுத வேண்டும். றிஸ்னாவின் தாளைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் இருக்கும்போதே கூப்பிட்டுக் கேட்டேன்.

"இவ்வளவு நாளும் எந்தப் புத்தகத்தப் பாத்து எழுதி அனுப்பின?"

"புத்தகத்தப் பாத்து எழுதல்ல டீச்சர்."

"அப்ப?"

"அது நான் எழுதல்ல."

யார் எழுதியது என்று கேட்டேன். சொல்லவில்லை. ஏசினேன். அழுதுகொண்டு போய்விட்டாள்.

நிலையத்தில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இருந்தார். சம்மாந்துறைக்காரர், என்னைவிட வயதில் குறைந்தவர். தன் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் பிள்ளைகள் போன பிறகு என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார்.

"டீச்சர், விடை வந்த நேரத்தப் பாருங்க. நல்ல விடையெல்லாம் பகல் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில வந்திரிக்கி. பின்னேரம் வாறது எல்லாம் வேற மாதிரி. இது ரெண்டு ஆள்."

"இத முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கல்ல. புள்ளைய ஏசத்தான் கூப்பிட்டீங்க."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பாடம் அதுதான். அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஏச முதல் கையில் இருப்பதைப் பார்க்கச் சொன்னார். உங்களுக்கு இன்று என்னைவிட நூறு மடங்கு விபரம் திரையில் வருகிறது. புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு மருதமுனைக்குப் போனேன். கணினிக்கு முன்னால் வேறொரு பிள்ளை இருந்தாள். தலைமயிரில் நூல் தும்பு. கொட்டிலில் நூல் சுற்றுகிறவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து இருந்திருக்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள்.

"டீச்சர், றிஸ்னாவ ஏசாதீங்க. நான்தான் கேட்டு எழுதின" என்றாள்.

பெயர் தர்சினி. பக்கத்து ஊரான பெரியநீலாவணையைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளை. தாயைச் சுனாமி கொண்டுபோனது. தகப்பன் கடற்தொழில். முகாமில் இருந்தே சாதாரண தரம் எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். பிறகு ஒருநாள், வேலைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. இயக்கத்தில் சேர்த்துவிட்டார்கள் என்றும் வன்னியில் கண்டோம் என்றும் ஆட்கள் சொன்னார்கள். சின்னத் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டுச் செலவுக்கும் இவள் படிப்பை விட்டுவிட்டுத் தறிக் கொட்டிலுக்கு வந்துவிட்டாள்.

எங்கள் பாடசாலையின் விதிப்படி, ஒருவரின் பெயரில் இன்னொருவர் படித்தால் பெயர் வெட்டப்படும். நான் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நடந்தது முழுவதையும் எழுதி அனுப்பினேன், என் அறிக்கைகள் பிழை என்பதையும் சேர்த்து. தர்சினியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டேன். பதில் வந்தது. றிஸ்னாவை எச்சரித்துவிட்டுத் தொடர விடலாம். தர்சினி எந்தப் பாடசாலையிலும் இல்லாதவள் என்பதால் சேர்க்க முடியாது. பாடங்களை அச்சடித்துக் கொடுப்பதற்குத் தடை இல்லை.

அப்படியானால் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் எழுத வேண்டும். விண்ணப்ப முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அவளிடம் அது இல்லை. கிராம சேவகரிடம் போய்ப் பதியத் தகப்பன் விடவில்லை.

பெரியநீலாவணைக்குப் போய் அவரைக் கண்டேன். தோணிக்குப் பக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் ஒரு முஸ்லிம் பொம்பிளை அங்கே தனியாகப் போய் நிற்பது சாதாரணமல்ல. ஆட்கள் பார்த்தார்கள். அவர் ஒரு பலகையைத் துடைத்து இருக்கச் சொன்னார்.

"டீச்சர், இவள் படிக்கிறதுக்கு நான் மறுப்பில்ல. பேரப் பதிஞ்சா மூத்தவன் எங்க எண்டு கேப்பாங்க. இவளையும் தேடி வருவாங்க."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் நடக்காது, நான் இருக்கிறேன், பயப்படாதீங்க என்று சொல்ல வந்தது. றிஸ்னாவின் உம்மாவிடம் நான் அள்ளிக்கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

"வர மாட்டாங்க எண்டு என்னால சொல்ல ஏலாது" என்றேன். "கிராம சேவகரிட்ட நானும் வாறன். பிரதேச செயலகத்துக்கும் வாறன். தொடர்புக்கு என்ட பேரையும் விலாசத்தையும் குடுங்க. என்னால ஏலுமானது அவ்வளவுதான்."

அவர் வலையைக் கீழே வைத்தார். "ஒண்டும் நடக்காது எண்டு சொல்லித்தான் எல்லாரும் எங்களிட்ட வந்தவங்க" என்றார். "நாளைக்குக் காலைல வாங்க. நானும் வாறன்."

அடையாள அட்டைக்குப் பதிந்தோம். இறுதி நாளுக்கு முதல் நாள் பரீட்சை விண்ணப்பம் பதிவுத்தபாலில் போனது. யாரும் தேடி வரவில்லை. வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அதனால்தான் நான் சொன்னது சரியென்று இன்றும் நினைக்கிறேன்.

அந்த வருடம் மே மாதம் போர் முடிந்தது. வானொலியில் செய்தி வந்த அன்று சில இடங்களில் வெடி கொளுத்தினார்கள். தர்சினி வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் றிஸ்னாவின் உம்மா எனக்குக் கோல் எடுத்தார். "டீச்சர், அந்தப் புள்ளைய ஒருக்காப் போய்ப் பாப்பம்."

இருவரும் போனோம். தர்சினி சுவரில் சாய்ந்து இருந்தாள். வன்னியிலிருந்து வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்க்கத் தகப்பன் வெளியே போயிருந்தார். அவள் அழவில்லை, எங்களோடு கதைக்கவும் இல்லை. றிஸ்னாவின் உம்மா தானே குசினிக்குப் போய் அடுப்பை மூட்டித் தேத்தண்ணீர் ஊற்றினார். என் பையில் கடந்தகால வினாத்தாள்கள் இருந்தன. பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. ஒரு நாள் போனால் ஒரு நாள் நட்டம் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் பையைத் திறக்கவில்லை. பரீட்சை என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தோம்.

அது சரியா என்று எனக்குத் தெரியாமல்தான் செய்தேன். அவள் பரீட்சையே எழுதாமல் போயிருந்தால் நீ ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று என்னையே கேட்டிருப்பேன். இப்படியான நாட்கள் உங்களுக்கும் வரும். அப்போது அந்த வீட்டில் இருப்பவர்களைப் பாருங்கள். விண்ணப்பத் திகதி உங்கள் தலைக்குள் இருக்கட்டும்.

ஏறக்குறைய ஒரு மாதம் போனது. ஒரு பின்னேரம் றிஸ்னா நிலையத்துக்கு வந்து ஒரு கொப்பித் தாளை நீட்டினாள். தர்சினியின் எழுத்து. இரசாயனத்தில் ஒரு சமன்பாடு சமப்படவில்லை, எங்கே பிழை என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி: "பரீட்சை மண்டபம் எங்க எண்டு தெரிஞ்சா சொல்லுங்க டீச்சர்."

ஓகஸ்டில் இருவரும் எழுதினார்கள். அண்ணனைப் பற்றி இன்றுவரை செய்தி இல்லை.

பெறுபேறு வந்தபோது தர்சினிக்கு மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதவில்லை. ஆனால் விவசாயபீடத்துக்குப் போகலாம் என்று தெரிந்தது. பல்கலைக்கழக விண்ணப்பக் கைநூலை வைத்துக்கொண்டு எந்தப் பாடநெறியை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று நானும் அவளும் றிஸ்னா வீட்டு முன் அறையில் நாலைந்து நாள் இருந்தோம். அந்த வரிசையைப் பிழையாகப் போட்டால் கிடைக்க வேண்டியதும் கைவிட்டுப் போகும். அதனால் மிகக் கவனமாக இருந்தேன். முன்பு பிழைவிட்ட நான் இப்போது திருத்திக்கொண்டேன் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

ஐந்தாம் நாள் றிஸ்னா எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். போகாமல் நின்றாள்.

"டீச்சர், எனக்கும் பெறுபேறு வந்திரிக்கி."

நான் அவளிடம் அதுவரை கேட்கவே இல்லை. என் பாடசாலையில் பெயர் பதிந்த பிள்ளை அவள். அவளுக்கு வழி சொல்லத்தான் எனக்கு அந்த வேலை தரப்பட்டிருந்தது. தர்சினி தலையைக் குனிந்துகொண்டு, தம்பி தேடுவான் என்று சொல்லி எழுந்து போனாள்.

றிஸ்னாவை இருக்கச் சொன்னேன். மூன்று பாடத்திலும் சாதாரண சித்தி, தேறியதற்கு மட்டும் போதுமான புள்ளி. பல்கலைக்கழகத்துக்கு அது போதாது.

"நான் கேக்காம விட்டது பிழை" என்றேன். "உனக்கு என்ன படிக்க விருப்பம்?"

"இத ஒருத்தரும் இதுக்கு முதல் கேக்கல்ல டீச்சர்." கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். "எனக்கு உயிரியல் முதல் நாள்லயிருந்தே விளங்கல்ல. ஒரு நாள் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து அழுதன். தர்சினி வந்து விளங்கப்படுத்தினா. பொறகு அவ எழுதினா, நான் அனுப்பினன். ஒரு கிழமைல நிப்பாட்டுவம் எண்டுதான் இருந்தன். நீங்க வந்து உம்மாட்ட டாக்குத்தர் எண்டு சொல்லிப்போட்டீங்க. அதுக்குப் பொறகு எனக்கு நிப்பாட்ட ஏலாமப் போச்சி."

நான் கைநூலை மூடி வைத்தேன். 

பிறகு அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். லைன் அறுந்தால், சம்மாந்துறைக்காரரிடம் டெலிபோனில் கேட்டுத் தானே சரிசெய்வாள். தர்சினிக்குத் தட்டச்சுப் பழக்கியது அவள்தான். போர் முடிந்த பிறகு தர்சினி வராத அந்த ஒரு மாதமும் பாடங்களை அச்சடித்துச் சைக்கிளில் கொண்டுபோய், ஒன்றும் கதைக்காமல் தர்சினி வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்ததும் அவள்தான். நான் பையைத் திறக்காமல் வந்ததோடு நின்றுவிட்டேன். தர்சினி திரும்பி வந்ததற்கு றிஸ்னாதான் காரணம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் கணினியைப் போட்டுக் காட்டினாள். சாரிக் கரைக்குப் போடும் கோலங்களைத் தானே கட்டம் கட்டமாக வரைந்து வைத்திருந்தாள். கொட்டிலில் அந்த வருடம் நெய்த சாரிகளில் பாதி அவள் வரைந்த கரையோடு போயிருந்தன.

தகவல் தொழினுட்பத்தில் உயர் டிப்ளோமா ஒன்று இருந்தது. சாதாரண சித்தியோடு விண்ணப்பிக்கலாம். எங்கள் பக்கத்திலேயே படிக்கலாம். கைநூலில் இல்லாதபடியால் நான் யாருக்கும் அதைப் பற்றிச் சொன்னதே இல்லை. மறுநாள் அதன் படிவத்தை எடுத்து வந்து இருவரும் சேர்ந்து நிரப்பத் தொடங்கினோம். தர்சினியின் விண்ணப்பத்துக்கு நாலைந்து நாள் எடுத்த நான் இதற்கும் அதே மாதிரி நேரம் எடுத்தேன்.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளையைத்தான் நம் கண் தேடும். அவர்களைப் பற்றித்தான் மேலிடத்திலும் கேட்பார்கள். அடுத்த அறையில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பற்றி உங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இனி உம்மாவிடம் சொல்ல வேண்டும். றிஸ்னா தானே சொல்கிறேன் என்றாள். வேண்டாம், இது நான் போட்ட முடிச்சு என்றேன். தறிச் சத்தம் ஓயும்வரை காத்திருந்து அவரைக் கூப்பிட்டு இருத்தினேன்.

"ராத்தா, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. றிஸ்னா டாக்குத்தராக மாட்டா. அவவுக்கு அதுல விருப்பமும் இல்ல. நான் அவவோட ஒரு வார்த்தை கதைக்காம, கடதாசியப் பாத்துச் சொல்லிப்போட்டன். இந்த ரெண்டு வருசமும் அவ அதால கஷ்டப்பட்டிரிக்கா. பிழை அவவுல இல்ல. என்னில."

உம்மா வாசல் பக்கம் பார்த்தார். மகள் அங்கே நிற்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"டீச்சர், நான் ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டனே" என்றார். "கத்தார்ல அவரும் கூட வேலை செய்யிற ஆக்களுக்கெல்லாம் சொல்லியிரிக்கார். இப்ப நான் என்னெண்டு முகத்தக் காட்டுற?"

"என்ட பேரச் சொல்லுங்க. டீச்சர் பிழையாச் சொல்லிப்போட்டா எண்டு சொல்லுங்க."

"சொல்லுவன்" என்றார். "கட்டாயம் சொல்லுவன்." பிறகு மகளைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் இருத்தி, அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார்.

அவர் சொன்னபடியே செய்தார். கலியாண வீடுகளிலும் சந்தையிலும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு மருதமுனையில் நான் எந்த வீட்டுக்குப் போனாலும், பிள்ளைக்கு என்ன சரிவரும் என்று நான் சொல்லி முடித்ததும் தாய்மார் கேட்பார்கள்: "டீச்சர், புள்ளையிட்டக் கேட்டுத்தானே சொல்றீங்க?"

ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.